ஹைக்கூவை தமிழுக்கு அறிமுகம் செய்த பாரதி: கடலூர் சிறையில் கழிந்த பிறந்தநாளும், வகுப்பறைக்கு அவர் விட்டுச்சென்ற பாடமும்

டிசம்பர் 11 வந்தால் போதும். கடலூர் மாவட்டம் மங்கலம்பேட்டையில் தொடங்கி கன்னியாகுமரி வரை பள்ளிக்கூடங்களில் முண்டாசும் கோட்டும் மீசையுமாக குட்டி பாரதிகள் வரிசை கட்டி நிற்பார்கள். பேச்சுப் போட்டி, பாட்டுப் போட்டி, கவிதைப் போட்டி எல்லாம் நடக்கும். கவிதைப் போட்டியில் இப்போது அதிகம் எழுதப்படுவது மூணு வரி ஹைக்கூதான்.

அந்த ஹைக்கூவை தமிழ் வாசகர்களுக்கு முதலில் எடுத்துச் சொன்னதும் அதே பாரதிதான். இது எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் தன்னுடைய 36வது பிறந்தநாளை கழித்தது கடலூர் சிறையில் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

பாரதியின் வாழ்க்கையை விடுதலைப் போராட்டத்தின் வழியாகப் பலமுறை படித்திருப்போம். இந்த முறை ஒரு மூணு வரிக் கவிதையின் வழியாகப் பார்க்கலாம்.

எட்டயபுரத்து சிறுவன்

1882 டிசம்பர் 11 அன்று எட்டயபுரத்தில் பிறந்தவர் சுப்பிரமணியன். அப்பா சின்னசாமி ஐயர், அம்மா லட்சுமி அம்மாள். ஐந்து வயதிலேயே அம்மாவை இழந்தார். அப்பாவுக்கு மகன் கணக்கும் ஆங்கிலமும் படித்துப் பெரிய வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசை. மகனுக்கோ பாட்டில்தான் நாட்டம். 11 வயதில் எட்டயபுரம் அரண்மனைப் புலவர்கள் முன்னிலையில் கவி பாடி 'பாரதி' என்ற பட்டம் பெற்றார்.

நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்தார். 1897ல் செல்லம்மாளுடன் திருமணம். அடுத்த ஆண்டே அப்பா காலமானார். குடும்பத்தில் கையில் காசில்லை. காசியில் இருந்த அத்தை வீட்டுக்குப் போய் அங்கே சமஸ்கிருதமும் இந்தியும் கற்றார். திரும்பி வந்து எட்டயபுரம் ஜமீனில் வேலை பார்த்தார். ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி மீது அவருக்கு அப்படி ஒரு பிரியம். 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயரே வைத்துக்கொண்டார்.

இதில் ஒரு விஷயத்தை கவனிக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் கவிதையைக் கண்டு அவர் ஒதுங்கியதில்லை. எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அதை எடுத்துப் பார்ப்பது, தமிழோடு வைத்துப் பார்ப்பது, பிறகு தன் கருத்தைச் சொல்வது என்பது இளவயதிலேயே அவருக்குப் பழகிவிட்டது.

மூன்று மாத வாத்தியார்

பாரதி பள்ளி ஆசிரியராகவும் இருந்திருக்கிறார். 1904 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியர். மொத்தமே மூன்று மாதத்துக்குச் சற்று அதிகம். அதே ஆண்டில்தான் மதுரையிலிருந்து வந்த 'விவேகபாநு' இதழில் அவருடைய கவிதை முதல்முறையாக அச்சில் வந்தது.

பிறகு ஜி.சுப்பிரமணிய ஐயரின் 'சுதேசமித்திரன்' நாளிதழில் உதவி ஆசிரியர் வேலை கிடைத்து சென்னைக்குப் போய்விட்டார். ஆங்கிலத் தந்திகளையும் செய்திகளையும் தமிழாக்குவது அங்கே முக்கியமான வேலை. உலகத்தில் எங்கே என்ன நடந்தாலும் அதை நம்ம ஊர் ஆளுக்குப் புரிகிற தமிழில் சொல்ல வேண்டும். இன்றைக்கு ஒரு செய்தி சேனலில் நடக்கிற வேலையை அன்றைக்கு அவர் பேனாவால் செய்தார். 12 ஆண்டுகள் கழித்து ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதியபோது கைகொடுத்தது இந்தப் பயிற்சிதான்.

புதுச்சேரி: பத்து ஆண்டு அடைபட்ட வாழ்க்கை

'இந்தியா' வார இதழை நடத்தியபோது ஆங்கிலேய அரசின் கண் அவர் மீது விழுந்தது. கைது நெருங்கியது. 1908ல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். அங்கிருந்தும் 'இந்தியா' வெளிவந்தது. ஆங்கிலேய எல்லைக்குள் அதை நுழையவிடாமல் செய்ததால் 1910ல் நின்றுபோனது. 1911ல் அவருடைய 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' இரண்டு நூல்களும் தடை செய்யப்பட்டன. ஆஷ் கொலைக்குப் பிறகு ஒற்றர்களின் கெடுபிடியும் கூடியது.

வருமானம் இல்லை. வீட்டில் மனைவி, தங்கம்மாள், சகுந்தலா என இரண்டு பெண் குழந்தைகள். எல்லைக்கு அந்தப் பக்கம் கால் வைத்தால் கைது. இந்த நெருக்கடிக்கு நடுவில்தான் 'கண்ணன் பாட்டு', 'குயில் பாட்டு', 'பாஞ்சாலி சபதம்' எல்லாம் பிறந்தன.

சின்னக் கவிதைகளும் இதே காலத்தில் வந்தன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 'புதிய ஆத்திசூடி'யில் 110 சூத்திரங்கள். ஒவ்வொன்றும் ஒரே வரி. ஔவையாரின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, அடங்கிப் போ என்று சொல்லாமல் நிமிர்ந்து நில் என்று குழந்தைக்குச் சொல்லும் புத்தகம் அது. காட்டுப் பொந்தில் வைத்த சிறு நெருப்பைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கவிதையும் சில வரிகளிலேயே முடிந்துவிடும். பக்கம் பக்கமாகக் காவியம் எழுதியவர், ஒரு பொறியிலும் ஒரு காட்டையே காட்டினார். ஜப்பானியக் கவிதை அவரை ஏன் ஈர்த்தது என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை.

1916 அக்டோபர் 16: என்ன எழுதினார்?

அந்தச் சமயத்தில் கல்கத்தாவிலிருந்து வந்துகொண்டிருந்த 'மாடர்ன் ரிவ்யூ' என்ற ஆங்கில மாத இதழை பாரதி படித்தார். அதில் ஜப்பானியக் கவிஞர் நோகுச்சி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். ஆங்கிலத்திலும் கவிதை எழுதிப் புகழ் பெற்றவர் இவர். ஆங்கிலக் கவிதையில் சொற்கள் அதிகம், ஜப்பானியக் கவிதையோ தேவையில்லாத ஒரு சொல்லைக்கூடச் சேர்க்காது என்பது அவருடைய வாதம்.

இதைப் படித்த பாரதி 'ஜப்பானியக் கவிதை' என்ற தலைப்பில் சுதேசமித்திரனில் எழுதினார். வெளிவந்த நாள் 1916 அக்டோபர் 16. தமிழில் ஹைக்கூ பற்றி வந்த முதல் அறிமுகமாக இதைத்தான் ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள்.

அந்தக் கட்டுரையில் 'ஹைக்கூ' என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது. அவர் பயன்படுத்திய சொல் 'ஹொக்கு'. அது ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

ஜப்பானின் பெரும் கவிஞர் மட்சுவோ பாஷோவை பாரதி தமிழ் வாசகருக்கு ஒரு கதை மூலம் அறிமுகம் செய்தார். 1644ல் பிறந்து 1694ல் மறைந்த பாஷோ, ஊர் ஊராக நடந்தே சுற்றியவர், குடிசையில் வாழ்ந்தவர். சீடர் ஒருவர் அவருக்குப் பணம் கொடுக்கிறார். பழக்கமில்லாத பணம் மனசுக்குப் பாரமாகிவிட, அதை அவர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். வேறொரு கவிஞரின் கதையும் அந்தக் கட்டுரையில் உண்டு. வீடு தீப்பிடித்து எரிந்துபோனவர் அவர். அந்த இழப்பைப் பற்றிப் புலம்பாமல், பூ உதிர்வதில் இருக்கும் அமைதியைப் பார்த்து ஹொக்கு எழுதினார்.

இந்தக் கதைகளை எழுதியவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். சொந்த ஊருக்குப் போக முடியாதவர். பத்திரிகை பறிபோனவர். புத்தகங்கள் தடைபட்டவர். அடுத்த வேளைக்கு அரிசி இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய வீடு. வேறு யார் எழுதியிருந்தாலும் அது ஒரு தகவல் கட்டுரையாக முடிந்திருக்கும்.

பாரதி கொடுத்த எச்சரிக்கை

பாரதி ஹைக்கூவை அப்படியே கொண்டாடி விட்டுவிடவில்லை. சுருங்கச் சொல்வது தமிழுக்குப் புதுசில்லை என்று அவருக்குத் தெரியும். ஏழே சீரில் முடியும் திருக்குறள் நம்மிடம் இருக்கிறது. சங்க இலக்கியத்தில் ஐங்குறுநூறு என்றொரு நூல் இருக்கிறது, அதன் பாடல்கள் மூன்று அடி முதல் ஆறு அடிக்குள் முடிந்துவிடும். அதனால் சுருக்கத்தின் சுவையை அவர் மெச்சினார். அதே சமயம், ஒரேயடியாகக் கவிதை சுருங்கிப் போவதும் நல்லதில்லை என்று எச்சரித்தார்.

அந்தக் கட்டுரையின் உயிர் இன்னொரு இடத்தில் இருக்கிறது. வரிகளை எழுதுவதால் மட்டும் ஒருவர் கவிஞர் ஆகிவிட மாட்டார், வாழ்கிற வாழ்க்கையையே கவிதையாக ஆக்கிக்கொண்டவர்தான் கவிஞர் என்ற கருத்தை அவர் அங்கேதான் வைத்தார். அதாவது ஹைக்கூவில் அவர் பார்த்தது மூணு வரி வடிவத்தை மட்டும் இல்லை, அந்த வடிவத்துக்குப் பின்னால் ஒரு மனிதன் எப்படி வாழ்கிறான் என்பதையும்தான்.

ஹொக்கு, ஹைக்கூ: என்ன வித்தியாசம்?

ஜப்பானில் பாஷோ காலத்தில் கவிதை என்பது கூடி உட்கார்ந்து எழுதுகிற விஷயம். ஒருவர் முதல் மூன்று வரிகளைச் சொல்வார். அடுத்தவர் அதைத் தொட்டு இரண்டு வரி சேர்ப்பார். அதற்கடுத்தவர் மறுபடி மூன்று வரி. இப்படிச் சங்கிலி போல நீளும் தொடர்கவிதைக்கு முதலில் வரும் பாட்டின் பெயர்தான் ஹொக்கு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மசாவோகா ஷிகி என்ற கவிஞர் இந்த முதல் பாட்டைத் தனிக் கவிதையாக நிறுத்தி, 'ஹைக்கூ' என்ற பெயரை நிலைநாட்டினார். பாரதி எழுதிய காலத்தில் பழைய பெயரும் புழக்கத்தில் இருந்ததால் 'ஹொக்கு' என்றே எழுதினார்.

ஜப்பானிய மரபில் ஹைக்கூவுக்கு மூன்று அடையாளங்கள் உண்டு.

முதலாவது, 5-7-5 என மொத்தம் 17 ஒலியசைகள். இது ஜப்பானிய மொழியின் ஒலிக்கணக்கு. நம்ம நேர், நிரை அசைக்கணக்கு வேறு. அதனால் தமிழில் எழுதும் கவிஞர்கள் பெரும்பாலும் இந்த எண்ணிக்கையைக் கட்டாயமாக வைத்துக்கொள்வதில்லை, மூன்று வரியை வைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, பருவத்தைக் காட்டும் ஒரு சொல். பனி, தவளை, உதிரும் பூ என்று ஏதாவது ஒன்று இருந்தால் போதும். என்ன காலம் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். சங்கப் பாட்டில் முதற்பொருளும் கருப்பொருளும் செய்கிற வேலை கிட்டத்தட்ட இதுதான்.

மூன்றாவது, ஒரு வெட்டு. இரண்டு காட்சிகளுக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியை நிரப்புவது வாசகரின் வேலை.

கடலூர் சிறையில் 36வது பிறந்தநாள்

முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11 அன்று முடிந்தது. பத்தாண்டு அடைபட்ட வாழ்க்கை போதும் என்று முடிவெடுத்த பாரதி, அந்த மாதமே புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். நவம்பர் 20 அன்று ஆங்கிலேய எல்லைக்குள் வந்ததும் கைது செய்யப்பட்டு கடலூர் சிறையில் வைக்கப்பட்டார்.

அன்னி பெசன்ட், சி.பி.ராமசாமி ஐயர், சுதேசமித்திரன் ஆசிரியர் ஏ.ரங்கசாமி ஐயங்கார் போன்றவர்கள் அவருக்காக முயற்சி எடுத்தார்கள். டிசம்பர் 14 அன்று நிபந்தனைகளோடு விடுதலை ஆனார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 நாட்கள். நடுவில் டிசம்பர் 11 வருகிறது. இன்றைக்கு நாம் மாலை போட்டுக் கொண்டாடும் அந்த நாளில், இதே கடலூரில் அவர் ஒரு கைதி.

வெளியே வந்தவர் செல்லம்மாளின் ஊரான கடையத்தில் தங்கினார். எழுத்துக்கும் பேச்சுக்கும் கட்டுப்பாடு தொடர்ந்தது. 1920ல் தடைகள் நீங்கிய பிறகு மறுபடி சுதேசமித்திரனுக்கு வந்தார். அந்தச் சுதந்திரம் ஓராண்டுகூட நீடிக்கவில்லை. 1921ல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளிவிட்டது. அதிலிருந்து மீண்டாலும் உடல் தளர்ந்திருந்தது. செப்டம்பர் 11 நள்ளிரவைத் தாண்டிய வேளையில் உயிர் பிரிந்தது. வயது 38.

68 ஆண்டுகள் காத்திருந்த விதை

பாரதி போட்ட ஹைக்கூ விதை உடனே முளைக்கவில்லை. இடையில் மொழிபெயர்ப்புகள் சிறுபத்திரிகைகளில் வந்தன. 1974ல் வந்த அப்துல் ரகுமானின் 'பால்வீதி'யில் அதன் சாயல் தெரிந்தது. நேரடித் தமிழ் ஹைக்கூவுக்கென்றே தொகுப்புகள் வர 1984 ஆனது. அந்த ஆண்டில் அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்கள்', அறிவுமதியின் 'புல்லின் நுனியில் பனித்துளி' இரண்டும் வெளிவந்தன. 1916லிருந்து எண்ணினால் 68 ஆண்டுகள்.

இதில் அறிவுமதி விருத்தாசலம் பக்கத்து கீணனூரில் பிறந்தவர். விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையில் வரும் ஊர்தான் மங்கலம்பேட்டை. பாரதியை அடைத்து வைத்த அதே மாவட்டத்து மண்ணிலிருந்துதான், அவர் அறிமுகப்படுத்திய கவிதை வடிவத்துக்கு ஒரு முன்னோடியும் கிளம்பி வந்தார். மங்கலம்பேட்டையில் ஒரு தமிழாசிரியர் ஹைக்கூ பாடம் நடத்தினால் அது வேற்று நாட்டுச் சரக்கு இல்லை, உள்ளூர்ச் செய்தி.

வகுப்பறையில் எப்படிக் கொண்டாடலாம்?

பாரதி பிறந்தநாளான டிசம்பர் 11, மகாகவி நாளான செப்டம்பர் 11, அந்தக் கட்டுரை வெளிவந்த அக்டோபர் 16, உலக அளவில் ஹைக்கூ நாளாகக் கொண்டாடப்படும் ஏப்ரல் 17 என இதற்கு நாளுக்குப் பஞ்சமில்லை. செலவும் இல்லை. ஒரு பேப்பர், ஒரு பென்சில் போதும்.

பாரதி 'தேசீயக் கல்வி' பற்றி எழுதும்போது கிராமப் பள்ளிக்கு ஒரு பாடத்திட்டமே போட்டுக் கொடுத்தார். எழுத்து, கணக்கு, சரித்திரம், சயன்ஸ், கைத்தொழில், தோட்டப் பயிற்சி ஆகியவற்றோடு 'யாத்திரை'யும் அதில் ஒரு பாடம். பிள்ளைகளை வெளியே அழைத்துப் போக வேண்டும் என்பது அவருடைய திட்டம். பாஷோவின் புகழ்பெற்ற பயண நூலும் 1689ல் அவர் வடக்கு ஜப்பானில் நடந்தே போன யாத்திரையில் பிறந்ததுதான். ஆக, முதல் படி வகுப்பைவிட்டு வெளியே வருவது.

1. பத்து நிமிஷம் பேசாமல் நடக்க விடுங்கள். கண்ணில் பட்டது, காதில் விழுந்தது, மூக்குக்கு வந்த வாசனை என ஆளுக்கு மூன்று விஷயம் குறித்து வரட்டும். தை, மாசியில் முந்திரிப் பூ. ஆடியில் காற்று. ஐப்பசியில் தேங்கிய தண்ணீர். மார்கழியில் பனி. பருவச் சொல் அங்கேயே கிடைத்துவிடும்.

2. அழகு, அன்பு, சோகம், மகிழ்ச்சி போன்ற சொற்களுக்கு அன்று மட்டும் விடுமுறை. மழை அழகானது, எனக்கு மழை பிடிக்கும் என்று பிள்ளைகள் எழுதத்தான் செய்வார்கள். மழையில் என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். இந்தக் கட்டுரைக்காக ஒரு சின்ன உதாரணம்:

மழை விட்ட பிறகும்
வகுப்பறை வாசலில்
ஈரச் செருப்புகள்

இதில் அழகு என்ற சொல் இல்லை. ஆனால் நனைந்துகொண்டே பள்ளிக்கு வந்த பிள்ளைகளை நாம் பார்த்துவிடுகிறோம். செருப்பில்லாமல் வந்த பிள்ளை யாராவது இருந்ததா என்றும் ஒரு நொடி யோசிக்கிறோம். அந்த இடைவெளிதான் ஹைக்கூ.

3. பழைய ஹொக்கு முறைப்படி வரிசையாக உட்கார வையுங்கள். ஒருவர் மூன்று வரி, அடுத்தவர் இரண்டு வரி. எழுத வராத பிள்ளை வாயால் சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். வகுப்பு முழுக்க சேர்ந்து எழுதிய ஒரே கவிதை அன்றைக்குக் கரும்பலகையில் இருக்கும்.

4. பரிசு வேண்டாம். ஒவ்வொரு கவிதையையும் இரண்டு முறை சத்தமாக வாசியுங்கள். வாசித்ததும் என்ன தெரிந்தது என்று மற்றவர்களிடம் கேளுங்கள். எழுதிய பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பரிசு வேறு இருக்காது.

5. கடைசியில் பாரதியின் எச்சரிக்கையையும் சொல்லுங்கள். மூணு வரியோடு நின்றுவிடக் கூடாது. சுருக்கம் ஒரு பயிற்சி. நீளமாகச் சொல்ல வேண்டியதை நீளமாகத்தான் சொல்ல வேண்டும். 'பாஞ்சாலி சபத'த்தை மூணு வரியில் எழுத முடியாது.

இது ஏன் முக்கியம்?

எழுதிய வரியை எண்ணிப் பார்ப்பது சுலபம். மூணு வரி இருக்கிறதா, மார்க் போடு என்று முடித்துவிடலாம். ஆனால் பாரதி ஜப்பானியக் கவிதையில் எண்ணிப் பார்த்தது வரிகளை அல்ல. எல்லாம் பறிபோன நிலையிலும் ஒரு மனிதனால் ஒரு பூ உதிர்வதை நின்று பார்க்க முடிகிறதே, அதைத்தான் பார்த்தார். இரண்டே ஆண்டில் அவரே கடலூர் சிறைக்குள் இருந்தார்.

அவர் வகுப்பறையில் நின்றது மூன்று மாதம்தான். அந்தப் பிள்ளைகளுக்கு ஹைக்கூ சொல்லிக் கொடுக்க அவருக்கு வாய்ப்பே அமையவில்லை, அப்போது அவருக்கே அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. விட்டுப்போன அந்தப் பாடத்தை இன்றைக்கு எடுக்க முடிந்தவர்கள் நம்ம ஊர்த் தமிழாசிரியர்கள். அடுத்த டிசம்பர் 11 அன்று முண்டாசு கட்டி நிற்கும் குட்டி பாரதியிடம், மனப்பாடம் செய்த பாட்டைச் சொல்லி முடித்த பிறகு இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: இன்னைக்கு ஸ்கூலுக்கு வர்ற வழியில என்ன பார்த்தே?

பதில் அநேகமாக மூணு வரியில் வரும்.